எழுத்து மாறியது, யன்னல் மாறவில்லை

பிரான்சின் வீடமைப்பு அமைச்சர் அவர்களுக்கு,

வணக்கம். இந்த மடலின் பிரெஞ்சு வடிவத்தைப் பதிவுத் தபாலில் தங்கள் அமைச்சுக்கு அனுப்பிவிட்டேன். தமிழில் இங்கே வெளியிடுவதற்குக் காரணம் உண்டு. சென்ற மாதம் எனக்கு வந்தது போன்ற கடிதம் எங்கள் சனங்களில் வேறு சிலருக்கும் வந்திருக்கிறது. விளங்காமலே மேசை லாச்சிக்குள் போட்டு வைத்தவர்களும் இருக்கிறார்கள்.

கடிதம் என் வீட்டுச் சொந்தக்காரருடையது. இரண்டு தாள்கள். வாடகைச் சுட்டெண்ணின்படி மாதம் ஏழு யூரோ கூடுகிறது என்பது முதல் தாள். வீடுகளை ஆற்றல் பாவனைப்படி 'ஏ' (மிக நல்லது) முதல் 'ஜி' (மிக மோசம்) வரை தரம் பிரிக்கும் முறையில், என் வீடு இனிமேல் 'எஃப்' வகுப்பு அல்ல, 'இ' வகுப்பு என்ற சான்று இரண்டாவது தாள். அந்தச் சான்றைப் பெற அவர் யாரையும் என் வீட்டுக்கு அனுப்பவில்லை. சுவரை யாரும் தட்டிப் பார்க்கவில்லை, கண்ணாடியை எண்ணிப் பார்க்கவில்லை. பழைய சான்றிதழின் இலக்கத்தை அரசு முகமையின் இணையத்தளத்தில் கொடுத்தார், புதியது இலவசமாக இறங்கியது. அவர்மீது எனக்குக் கோபமில்லை. கதவைத் திறந்துவிட்டவர்கள் நீங்கள். திறந்த கதவு வழியாக அவர் உள்ளே வந்தார், அவ்வளவுதான்.

என்ன நடந்தது என்று உங்களுக்கு நான் பாடம் எடுக்கத் தேவையில்லை. 2026 ஜனவரி 1 முதல், மின்சாரத்தை முதன்மை ஆற்றலாக, அதாவது அதை உற்பத்தி செய்யச் செலவாகும் ஆற்றலாக, மாற்றிக் கணக்கிடும் பெருக்கெண் 2.3 இலிருந்து 1.9 ஆகக் குறைந்தது. என் வீடு 43 சதுர மீட்டர். சூடாக்குவது, சுடுநீர் எல்லாமே மின்சாரம். சான்றிதழின்படி சதுர மீட்டருக்கு ஆண்டுக்கு 170 கிலோவாட் மணி. 2.3 ஆல் பெருக்கினால் 391 வரும். 331 முதல் 420 வரை எஃப். 1.9 ஆல் பெருக்கினால் 323 வரும். 330 வரை இ. ஏழு புள்ளி வித்தியாசத்தில் என் வீடு பரீட்சையில் தேறிவிட்டது. மின்மானியில் ஓடும் அந்த 170 மட்டும் அப்படியே இருக்கிறது.

உங்கள் அரசே சொன்ன கணக்கில், இப்படி ஏறத்தாழ 8,50,000 வீடுகள் ஒரே இரவில் மோசமான வகுப்புகளை விட்டு வெளியேறியிருக்கின்றன. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். நீங்கள் எட்டரை லட்சம் சுரைக்காய் காய்த்ததாக அறிக்கை விட்டிருக்கிறீர்கள்.

ஏழு யூரோவுக்காக நான் இதை எழுதவில்லை. எஃப், ஜி வகுப்பு வீடுகளின் வாடகையைக் கூட்டக்கூடாது என்ற விதி 2022 ஓகஸ்ட் 24 முதல் நடைமுறையில் இருக்கிறது. நான் ஒப்பந்தம் எழுதியது அந்த ஆண்டு ஒக்டோபரில். மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படும் அந்த ஒப்பந்தம் அடுத்து 2028 ஒக்டோபரில் புதுப்பிக்கப்பட வேண்டும். 2021 காலநிலைச் சட்டத்தின்படி எஃப் வகுப்பு வீட்டை 2028 முதல் வாடகைக்கு விட முடியாது. ஆகவே அதற்குள் சொந்தக்காரர் ஏதாவது செய்தே ஆக வேண்டும் என்று நம்பியிருந்தேன். இப்போது வீடு இ. அதற்குக் கெடு 2034. என் மகளுக்கு இப்போது எட்டு வயது. அவள் படுக்கும் அறையை யாராவது திருத்த வருவதற்குள் அவளுக்குப் பதினாறு வயதாகிவிடும்.

அந்த அறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். வடக்குப் பார்த்த அறை. யன்னலுக்கு ஒற்றைக் கண்ணாடி, மரச்சட்டம் உளுத்துப்போய் மூலையில் விரல் நுழையும் இடைவெளி. யன்னல் பூட்டியிருக்கும்போதும் திரைச்சீலை அசையும். அதற்குக் கீழே ஆயிரத்து ஐந்நூறு வாட் மின்சூடாக்கி ஒன்று. சூடு நேரே யன்னலுக்குப் போய் வெளியே போகிறது. ஒரு மணி நேரம் எரிந்தால் ஏறத்தாழ 30 சதம். பத்து மணி நேரம் எரித்தால் மூன்று யூரோ, அதுவும் ஓர் அறைக்கு மட்டும். ஆகவே பிள்ளை படுக்கப் போகும்முன் போட்டு, அவள் தூங்கியதும் நிறுத்துகிறோம்.

அவளுடைய கட்டில் அறையின் நடுவில் நிற்கிறது. சுவரோடு போட்டால் மெத்தையின் ஓரம் ஈரமாகிவிடும். அலுமாரிக்குப் பின்னால் சுவர் கறுத்துப் பூஞ்சணம் பிடித்திருக்கிறது. சனிக்கிழமைகளில் வாயை மூடிக் கட்டிக்கொண்டு ஜாவெல் தண்ணீரால் (வெளிற்றும் திரவம்) துடைக்கிறேன். அடுத்த வாரத்துக்குள் கீழ் மூலையிலிருந்து மறுபடியும் ஏறத் தொடங்கிவிடும். சென்ற மார்கழியில், பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் இருந்த பிள்ளை, உன் மேலங்கியில் நிலவறை மணம் வருகிறது என்று சொல்லியிருக்கிறாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டு உடுப்பெல்லாம் குசினிக் கதவுக்குப் பின்னால் ஆணிகளில் தொங்குகின்றன. மீன் பொரித்த மணம் பரவாயில்லையாம், பூஞ்சண மணம்தான் வேண்டாமாம். எட்டு வயதுப் பிள்ளை தானே தெரிவு செய்துகொண்ட மணம் அது.

வீட்டைப் பராமரிக்கும் முகவர் நிறுவனத்துக்குப் படங்களோடு எழுதினேன். ஒருவர் வந்து பார்த்துவிட்டு, நீங்கள் சோறு அதிகம் அவிக்கிறீர்கள், நீராவிதான் காரணம், யன்னலைத் திறந்து வையுங்கள் என்றார். திறக்கத் தேவையில்லை ஐயா, அது எப்போதும் திறந்துதான் இருக்கிறது என்றேன். அவர் சிரிக்கவில்லை. எதிர்வீட்டு பிரெஞ்சு மூதாட்டி சோறு அவிப்பதில்லை. அவருடைய சுவரும் கறுப்புத்தான்.

உங்கள் பக்கத்து நியாயத்தையும் நான் மறைக்கப் போவதில்லை. பழைய பெருக்கெண், அணுமின்சாரத்தால் பெரும்பாலும் இயங்கும் இந்த நாட்டில், மின்சாரத்தால் சூடாகும் வீடுகளை எரிவாயு வீடுகளைவிட மோசமாகக் காட்டியது என்கிறீர்கள். 1.9 என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் பொது எண் என்கிறீர்கள். இரண்டும் சரி. வெளிக்காற்றின் வெப்பத்தை வீட்டுக்குள் இழுக்கும் வெப்பப் பம்பி வைத்த, நன்றாக வெப்பக்காப்புச் செய்த வீட்டுக்காரர் பழைய கணக்கால் பாதிக்கப்பட்டார் என்றால் அவருக்கு நியாயம் கிடைக்கட்டும். ஆனால் என் யன்னலுக்குக் கீழே இருப்பது அந்த நவீன இயந்திரம் அல்ல. கட்டுகிறவருக்கு மிகவும் மலிவு, குடியிருப்பவருக்கு மிகவும் செலவு என்ற வகையைச் சேர்ந்த பழைய தகரப்பெட்டி. இரண்டையும் ஒரே பேனாவால் திருத்தியதுதான் என் முறைப்பாடு. இது முதல் தடவையும் அல்ல. 2024 ஜூலையில் சிறிய வீடுகளுக்கு அளவுகோல் மாறியபோதும் ஏறத்தாழ 1,40,000 வீடுகள் இதே வழியில் மேலே ஏறின. சட்டம் கடுமையாகும் நாள் நெருங்க நெருங்கக் கணக்கு இளகிக்கொண்டே போகிறது.

ஆகவே நான் கேட்பது இதுதான். 2025 டிசம்பர் 31 அன்று எஃப் வகுப்பில் இருந்த வாடகை வீடு, வேலை செய்யப்படும்வரை கெடுவிலும் வாடகை உறைவிலும் எஃப் ஆகவே கருதப்பட வேண்டும். வீட்டில் ஏதாவது மாறிய பிறகு எழுத்து மாறட்டும்.

நான் பாரிசின் வடக்குப் புறநகரில் எங்கள் சனங்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுக்கும் வேலையும் செய்கிறவள். உங்கள் ஆற்றல் கொள்கை எனக்குச் செய்தித்தாளில் வருவதில்லை, மேசைக்கு வருகிறது. வருமானம் குறைந்த குடும்பங்களின் மின்சார, எரிவாயுக் கட்டணத்துக்கு அரசு தரும் ஆற்றல் காசோலை, 2025 ஆம் ஆண்டில் வழமையாக வரும் ஏப்ரல் மாதத்தை விட்டு நவம்பரில் வந்தது. குளிர் முடியும்போது வருவதைவிடக் குளிர் தொடங்கும்போது வருவது நல்லதுதானே என்று யாராவது சொல்லக்கூடும். ஏப்ரலில் வரும் கட்டணப் பாக்கியைக் கட்டத்தான் அந்தக் காசோலையைச் சனங்கள் எண்ணி வைத்திருக்கிறார்கள் என்பது சொன்னவருக்குத் தெரியாது.

பழைய வீடு ஒன்றைக் கடன்பட்டு வாங்கிய ஒரு குடும்பம், நீங்கள் கட்டாயமாக்கிய ஆலோசகரை அமர்த்தி, ஆற்றல் கணக்காய்வு முடித்து, வீட்டுத் திருத்தத்துக்கு அரசு தரும் மாபிரிம்ரெனோவ் உதவிக்கு விண்ணப்பிக்க இருந்த வேளையில், 2025 ஜூனில் முழுவீட்டுத் திருத்த உதவிக்கு வாசல் பூட்டப்பட்டது. மோசடி பெருகிவிட்டது என்றீர்கள். பெருகித்தான் இருந்தது. வீட்டுத் திருத்தத்துக்கான தொலைபேசி விற்பனையை 2020 இலேயே சட்டம் தடை செய்தது. இன்றும் வாரம் தவறாமல் ஒரு குரல் எனக்கு இலவச வெப்பக்காப்பு தருவதாகச் சொல்கிறது. நான் வாடகைக்கு இருப்பவள் என்றதும் அந்தக் குரல் விடைபெறாமலே வைத்துவிடுகிறது. திருடர்களுக்குக்கூட எங்களால் பயனில்லை.

2022 ஜூலையில் வாடகைக் குடியிருப்பாளர்களுக்கு ஓர் உரிமையும் தந்தீர்கள். சொந்தக்காரருக்கு எழுதிப் போட்டு, இரண்டு மாதத்துக்குள் அவர் பதில் சொல்லாவிட்டால், நானே என் செலவில் அவருடைய வீட்டின் வெப்பக்காப்பைத் திருத்திக்கொள்ளலாம். இவ்வளவு தாராளமான சட்டத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை. அதே ஆண்டு இலையுதிர்காலத்தில் அன்றைய நிதியமைச்சர் கழுத்துவரை மூடும் கம்பளிச் சட்டை அணிந்து நாட்டுக்குச் சிக்கனம் கற்பித்தார். வீட்டை 19 பாகைக்கு மேல் சூடாக்காதீர்கள் என்ற அறிவுரையும் வந்தது. அந்த அறையை 19 பாகைக்குக் கொண்டுவருவது எப்படி என்றுதான் நாங்கள் கேட்டுக்கொண்டிருந்தோம்.

அயல்நாடுகளைப் பாருங்கள் என்று நீங்களே அடிக்கடி சொல்கிறீர்கள். பார்த்தேன். ஜெர்மனியில் 2023 முதல், எரிவாயு, எண்ணெய்ச் சூடாக்கலின் கரியமில வரியைச் சொந்தக்காரரும் குடியிருப்பவரும் பங்கிட வேண்டும். வீடு மோசமாக மோசமாகச் சொந்தக்காரரின் பங்கு ஏறி 95 சதவீதம் வரை போகும். சுவீடனின் தொடர்மாடிகளில் பெரும்பாலும் சூடாக்கும் செலவு வாடகைக்குள்ளேயே அடங்கும். யன்னல் ஒழுகினால் ஒழுகுவது சொந்தக்காரரின் பணம் என்பதால் அவரே தச்சனைக் கூப்பிடுகிறார். இத்தாலி செலவில் 110 சதவீதத்தைத் திருப்பித் தருவதாக 2020 இல் தொடங்கி, நூறு பில்லியன் யூரோவுக்கு மேல் விழுங்கக் கொடுத்து, மோசடிக் கும்பல்களையும் வளர்த்தது. அதைப் பார்த்து நீங்கள் அஞ்சுவது எனக்கு விளங்குகிறது. நான் 110 சதவீதம் கேட்கவில்லை. நட்டத்தை யார் தாங்குகிறாரோ அவரிடம் திருத்தும் அதிகாரம் இல்லை, திருத்தும் அதிகாரம் உள்ளவருக்கு நட்டம் இல்லை. இங்கே கோளாறு இதுதான். வாடகை உறைவும் 2028 கெடுவும் அந்தக் கோளாற்றைக் கொஞ்சமாவது சரிசெய்தன. அவற்றைத்தான் நீங்கள் அந்த எட்டரை லட்சத்தில் உள்ள வாடகை வீடுகளிலிருந்து கழற்றி எடுத்துவிட்டீர்கள்.

2024 இன் ஐரோப்பியக் கட்டட நெறிமுறை, குடியிருப்புக் கட்டடங்களின் சராசரி முதன்மை ஆற்றல் பாவனையை 2030 க்குள் 16 சதவீதம் குறைக்கச் சொல்கிறது. அந்தக் குறைப்பில் குறைந்தது 55 சதவீதம், மிக மோசமான 43 சதவீதக் கட்டடங்களைத் திருத்துவதால் வர வேண்டும் என்றும் சொல்கிறது. திருத்துவதால் என்றுதான் எழுதியிருக்கிறது. அதைத் தேசியச் சட்டமாக்கும் கெடு 2026 மே மாதம். பிரஸ்ஸல்சுக்கு நீங்கள் அனுப்பும் கணக்கில் என் வீடு திருத்தப்பட்ட வீடாக இடம்பெறுமா என்று அறிய விரும்புகிறேன்.

குரல் உயர்ந்துவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். தங்களிடம் பணிவாகக் கேட்பது மறுபடியும் அதுவேதான்: வேலை எதுவும் செய்யாமல் எஃப் இலிருந்து இ ஆன வாடகை வீடுகளுக்கு 2028 கெடு நீடிக்க வேண்டும், வாடகை உறைவும் நீடிக்க வேண்டும். அது உடனே இயலாது என்றால், புதிய சான்றைக் காட்டி வாடகை கூட்டும் முன் வீட்டுக்கு ஒரு மதிப்பீட்டாளர் நேரில் வந்து பார்ப்பதையாவது கட்டாயமாக்குங்கள். வருகிறவர் ஜனவரியில், காலை ஏழு மணிக்கு வரட்டும்.

வாடகைக் கூட்டலுக்கு எதிராக நான் ஆட்சேபக் கடிதம் எழுதியிருக்கிறேன். தங்கள் பதில் ஒரு மாதத்துக்குள் எழுத்தில் கிடைத்தால் அதனோடு இணைத்துக்கொள்ள உதவியாக இருக்கும். இதே கடிதம் வந்த தமிழர்கள் யாராக இருந்தாலும், கையெழுத்திட்டுத் திருப்பி அனுப்பும் முன் பழைய சான்றிதழைத் தேடி எடுத்து, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பழையதை எறிந்துவிடாதீர்கள்.

இப்படிக்கு,
வாடகைக் குடியிருப்பாளர் ஒருத்தி,
93 ஆம் மாவட்டம், பிரான்சு