திபேரியாவிலிருந்து அம்மா

சேசு மரி சூசை துணை

அன்புள்ள மகனுக்கு அம்மா எழுதுவது.

நான் இங்கே இஸ்ரேலில் சுகம். போனில் பேசலாம்தான், நீ எடுத்தால்தானே. ஊருக்கு வருகிற அக்கா கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். பிரித்தாவது பார்ப்பாய்.

செமஸ்டர் பீஸ் கட்டின ரசீதைப் பத்திரமாக வை. சும்மாதான் சொல்கிறேன்.

நான் பார்த்துக்கொள்கிற அம்மாவை இப்போது சவ்தா என்றுதான் கூப்பிடுகிறேன். பாட்டி என்று அர்த்தம். போன வாரம் அவருடைய கண்ணாடியைக் காணோம். உடனே உண்டியலில் ஒரு காசு போட்டு, "மேயிரின் தேவனே, எனக்குப் பதில் கொடு" என்று ஜெபிக்க ஆரம்பித்துவிட்டார். கண்ணாடி பிரிட்ஜில் முட்டைக்குப் பக்கத்தில் இருந்தது! மேயிர் என்பவர் பழைய காலத்து ரபி, யூதர்களின் குரு. அவருக்கு அற்புதக்காரர் என்று பட்டப்பெயராம். காணாமல் போனது கிடைக்க அவர் பேரைச் சொல்கிறார்கள். நம் உவரி கோடி அற்புதர் ஞாபகம்தான் வந்தது எனக்கு. கல்லறை ஊருக்குத் தெற்கே, வெந்நீர் ஊற்றுக்குப் பக்கத்தில். மெசியா வந்தால் எதிர்கொண்டு போக, நின்றபடியே அடக்கம் பண்ணினார்களாம்.

யூதர்களுக்குப் புனித ஊர்கள் நாலு. எருசலேம் நெருப்பு, எபிரோன் மண், சபேத் காற்று, எங்கள் திபேரியா தண்ணீர் என்பார் சவ்தா. திபேரியா கடல் மட்டத்துக்கு 200 மீட்டர் கீழே, சபேத் 900 மீட்டர் மேலே. பஸ்ஸில் ஏறினால் காது அடைத்துக்கொள்ளும். எபிரோனுக்கு நான் போனதில்லை. சாராவை அடக்கம் பண்ண ஆபிரகாம் 400 செக்கேல் வெள்ளி கொடுத்து வாங்கின குகை அங்கேதான். நம் 5 சென்ட்டை நினைத்துக்கொண்டேன். இன்னும் இரண்டு தவணைதான் பாக்கி.

திபேரியக் கடல் என்று பைபிளில் வாசிப்போமே, அது ஏரிதான். நல்ல தண்ணீர். ஆனால் சும்மா கிடக்கும் ஏரியில் திடீரென்று காற்று எழும்பிவிடும். பேதுருவே பயந்தார், அவர் தொழில் தெரிந்தவர். நம் ஊர்க் கடலில் இப்போது கச்சான் காற்று அடிக்கும். படிக்கிற பிள்ளைக்கு விடியற்காலையில் கடற்கரையில் என்ன வேலை? அத்தை ஒன்றும் சொல்லவில்லை, நானாகத்தான் எழுதுகிறேன். நேரத்துக்குச் சாப்பிடு. ரசீதைப் பத்திரமாக வை.

என் மகன் இன்ஜினியருக்குப் படிக்கிறான் என்று இங்கே எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். சவ்தா உன் போட்டோவைத் தன் பேரன்களிடம் காட்டி, இவனைப் பாருங்கள் என்கிறார். அப்பாவுக்குச் சொன்னதையே உனக்கும் சொல்ல வைத்துவிடாதே.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் விளக்கேற்றும் முன்னே அந்த உண்டியலில் காசு போடுவார் சவ்தா. அப்புறம் சனி இருட்டும்வரை போனைத் தொடமாட்டார். நீ ஏழு தடவை கூப்பிட்டதும் ஒரு வெள்ளிக்கிழமைதான். ஓய்வுநாளில் இந்த வீட்டில் போன் எடுக்கக்கூடாது என்று உன்னிடம் சொன்னேன். அது பொய் மக்கா. ஓய்வுநாள் அவருக்குத்தான், எனக்கில்லை. போன் என் மடியில்தான் இருந்தது. இன்னும் ஒரு வருஷம் இருக்கிறேன் என்று கையெழுத்துப் போட்டு வந்த நாள் அது. எப்போது வருவாய் என்று கேட்பாயே என்று எடுக்கவில்லை. மணி அடிப்பது நின்றதும் அப்பாடா என்றிருந்தது. எதற்குக் கூப்பிட்டாய் என்று மறுநாள் ராத்திரி அத்தை சொல்லித்தான் தெரியும். அந்த ஒரு ராத்திரி நீ தனியாக என்ன பண்ணினாய் என்று இன்றுவரை உன்னிடம் கேட்கவில்லை.

இந்த வெள்ளிக்கிழமை நானே கூப்பிடுகிறேன். இங்கே ஏழு மணி, அங்கே ஒன்பதரை. ரசீதைப் பற்றிக் கேட்க மாட்டேன்.

அக்கா கையில் பேரீச்சம்பழம் இருக்கிறது, பாதியை அத்தைக்குக் கொடு. அக்காவுக்கு ஒரு டீயாவது போட்டுக் கொடுத்து அனுப்பு, வெறுமனே அனுப்பிவிடாதே.

அன்புடன்
அம்மா