பொங்கலைக் காப்பாற்றியவர்களுக்கு

எல்லோருக்கும் வணக்கம். மூன்று வாரமாக போனிலும் வாசலிலும் "பல்லி எப்படி இருக்கு?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள், தனித்தனியாகப் பதில் சொல்லி மாளவில்லை, அதனால் மொத்தமாக இங்கே எழுதிவிடுகிறேன். பொங்கல் பிழைத்துவிட்டது.

தெரியாதவர்களுக்கு: பொங்கல் என்பது என் மகன் வளர்க்கும் லெப்பர்ட் கெக்கோ என்ற வகைப் பல்லி. மஞ்சள் உடம்பில் மிளகை இறைத்த மாதிரி புள்ளிகள், பெயர் அப்படி வந்ததுதான். நம் ஊர்ச் சுவர்ப்பல்லி மாதிரி இது சுவரில் ஏறாது. கண்ணுக்கு இமை உண்டு, தூங்கும்போது மூடிக்கொள்ளும். பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான் பக்கத்து வறண்ட நிலத்துப் பிராணி, இங்கிலாந்தின் லெஸ்டர் குளிரில் எங்களை நம்பிக் கண்ணாடித் தொட்டியில் இருக்கிறது.

நவம்பரில் ஒரு ஞாயிறு இரவு, இடது பக்கம் கீழ்த்தாடையில் பட்டாணி அளவுக்கு ஒரு வீக்கம். இரை ஏதோ வாயில் அடைத்திருக்கிறது என்றுதான் முதலில் நினைத்தேன். செவ்வாய்க்கிழமை அது இன்னும் பெரிதாகி, புழுவை நீட்டினால் முகத்தைத் திருப்பிக்கொண்டது. பக்கத்தில் இருந்த கால்நடை மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம், அவர்கள் நாய் பூனை பார்ப்பவர்கள், ஒரு வாரம் பொறுத்துப் பாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். அந்த ஒரு வாரம் காத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் யோசிக்கிறேன்.

முதல் நன்றி எதிர்வீட்டுத் தங்கைக்கு. கால்நடை நர்ஸிங் படிக்கிறவள். ஊரிலிருந்து அம்மா போனில் மஞ்சள் பத்து போடச் சொல்லி, நான் மஞ்சளைக் குழைத்துக்கொண்டிருந்த நேரத்தில் வந்து நின்றாள். "அக்கா, எதையும் தடவாதீங்க, அமுக்கிப் பார்க்காதீங்க, முதல்ல எடை போடுங்க" என்றாள். சமையலறைத் தராசில் 57 கிராம். கோடையில் 64 இருந்தது. கொழுப்பைச் சேமித்து வைக்கும் வால்கூட மெலிந்திருந்ததை அவள் காட்டிய பிறகுதான் கவனித்தேன். அப்புறம் தொட்டிக்குள் கையை விட்டு, இன்னொரு வெப்பமானியை வைத்துப் பார்த்தாள். 32 டிகிரி இருக்க வேண்டிய சூடான பக்கம் 26தான் இருந்தது. சூட்டை அளந்து ஹீட்டரை அணைக்கும் தெர்மோஸ்டாட்டின் கம்பி இடம் மாறிப்போய், ஹீட்டர் பாயோடு ஒட்டிக்கொண்டு, அதுவே சீக்கிரம் சூடாகி அணைத்துவிட்டிருக்கிறது. எத்தனை நாளாக என்று கடவுளுக்குத்தான் தெரியும். ஊர்வன தாமாக உடம்பைச் சூடாக்கிக்கொள்ள முடியாது. சூடு குறைந்தால் செரிமானமும் மந்தம், நோயோடு போராடும் சக்தியும் மந்தம்.

பல்லிக்கு இரையாகப் போடும் பூச்சி விற்கும் கடை அம்மணிக்கும் ஒரு நன்றி. கையில் எடுத்த மருந்து பாட்டிலைத் திரும்ப ஷெல்ஃபில் வைக்க வைத்தவர் அவர். கால்சியம் குறைந்து தாடை மெத்தென்று ஆவதும் உண்டு, சீழ்க்கட்டியும் உண்டு, படத்தைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது, இங்கே காசைத் தொலைக்காதீர்கள் என்றார். விற்கிறவரே அப்படிச் சொன்னது பெரிய விஷயம்.

அப்புறம் அந்த டாக்டர். முயல், ஆமை, பல்லி மட்டும் பார்ப்பவர். எக்ஸ்ரேயில் எலும்பு நன்றாக இருந்தது. வீக்கத்தில் ஊசியைக் குத்தினார், ஒன்றுமே வரவில்லை, நான் பயந்துவிட்டேன். அவர் பொறுமையாக விளக்கினார்: ஊர்வனவற்றின் சீழ் நம்முடையது போல ஓடாது, சமையல் பனீர் கட்டி மாதிரி கெட்டியாக உறைந்து கிடக்கும், மருந்து மட்டும் கொடுத்தால் உள்ளே போய்ச் சேராது, வெட்டித்தான் எடுக்க வேண்டும். மயக்கம் கொடுத்து முழுசாக எடுத்துக் காட்டினார், என் மகன் அதைப் படம் பிடித்து வகுப்பு முழுக்கக் காட்டியிருக்கிறான், அதற்கு அவனுடைய டீச்சரிடம் மன்னிப்பும் கேட்டுக்கொள்கிறேன். எதனால் வந்தது என்று அவராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. இரவில் தொட்டியில் விட்டுவைத்த சிள்வண்டு கடித்திருக்கலாம், கல்லில் உரசியிருக்கலாம், குளிரில் அது ஆறாமல் போயிருக்கலாம்.

பிறகு மூன்று நாளைக்கு ஒரு ஊசி, செஃப்டசிடைம் என்ற ஆன்டிபயாடிக். நிரப்பிய சிரிஞ்சுகள் எங்கள் ஃப்ரீசரில் முருங்கைக்காய் பாக்கெட்டுக்குப் பக்கத்தில் இருந்தன. முன்னங்காலில்தான் போட வேண்டுமாம், பின்னங்காலில் போட்டால் மருந்து உடம்பெல்லாம் பரவும் முன்பே சிறுநீரகத்துக்குப் போய்விடக்கூடுமாம். எனக்குக் கை நடுங்கியது, ஒவ்வொரு முறையும் எதிர்வீட்டுத் தங்கைதான் வந்து போட்டாள். ஒரு நாள் பரீட்சைக்கு நடுவிலும் வந்தாள்.

அம்மா, உங்களுக்கும்தான். பல்லி தோளில் விழுந்தால் பஞ்சாங்கத்தை எடுக்கிற ஆள், வளர்க்கிறோம் என்றபோது இரண்டு நாள் பேசாமல் இருந்தீர்கள். இப்போது போனை எடுத்ததும் "பொங்கல் சாப்பிட்டுச்சா?" என்றுதான் ஆரம்பிக்கிறீர்கள். சாப்பிட்டது, நேற்று நான்கு புழு. எடை 61.

கடைசியாக, ஆபீஸில் லீவு போட்டு, ஒரு மணி நேரம் காரில் ஹீட்டரை முழுசாக வைத்து, வியர்க்க வியர்க்க எங்களை அந்த டாக்டரிடம் கொண்டுபோன அண்ணாவுக்கு. பொங்கலை வைத்துக்கொண்டு போக உங்கள் லஞ்ச் டப்பாவில்தான் அவசரத்துக்கு ஓட்டை போட்டோம். கழுவித்தான் வைத்திருக்கிறேன், ஆனாலும் அது வேண்டாம். புதுசு வாங்கிவிட்டேன், திங்கட்கிழமை கொண்டுவருகிறேன்.