புது ஆற்றங்கரையிலிருந்து

அன்புள்ள தம்பி,

நீ அனுப்பிய தண்ணீர்ச் சக்கர மில் போட்டோவை அம்மா தினமும் எடுத்துப் பார்க்கிறாள். அதற்கப்புறம் பதினெட்டு நாளாக உன்னிடமிருந்து ஒரு வார்த்தை இல்லை. வேலை அதிகமாக இருக்கும், சரி. நேரத்துக்குச் சாப்பிடு.

நம் ஊரில் ஏன் அப்படி ஒன்று இல்லை என்று கேட்டிருந்தாய். சக்கரம் சுற்றத் தண்ணீர் உயரத்திலிருந்து விழவேண்டும், நம் தரையோ களம் மாதிரித் தட்டை. மேட்டூரையும் ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடுவதுதான் வழக்கம், மற்ற நாளெல்லாம் ஆற்றில் மணல்தானே. 1934-ல் மேட்டூர் அணையோடு புது ஆறும், அதான் கல்லணைக் கால்வாய், வந்த பிறகுதான் ஒரத்தநாட்டுப் பக்கத்து மேட்டு நிலங்கள் நஞ்சையாயின. நெல் விளைந்ததும் தாத்தா ஆயில் இன்ஜின் வைத்து நம் அரிசி மில்லைப் போட்டார், அதைச் சுற்றித்தான் நெல் அவிப்பவர்களும் வண்டிக்காரர்களும் குடிவந்து நம் தெருவே உண்டானது. அப்பாயி களத்தில் காயும் அவித்த நெல்லில் ஒன்றை எடுத்துக் கடித்துப் பார்ப்பார். டக்கென்று உடைந்தால்தான் மில்லுக்குள் போகும், நசுங்கினால் இன்னொரு தரம் காலால் துழாவச் சொல்வார். பால்பல் ஆடிக்கொண்டிருந்த வயசில் உனக்கும் கற்றுக்கொடுத்தார்.

மருமகள் எதுவும் சொல்லவில்லை, நானாகத்தான் கேட்கிறேன், ராத்திரி தூங்குகிறாயா? இந்த மாசம் பணம் அனுப்பவேண்டாம். அடுத்த மாசமும் வேண்டாம். 2018-ல் கஜா புயலில் கூரை போனபோது நீதான் வீட்டை நிமிர்த்தினாய், அதை ஊரில் சொல்லாத ஆள் பாக்கியில்லை. ஆனாலும் அப்பனுக்கு ஒரு போன் போட உனக்கு இரண்டு நிமிஷம் கிடைக்கவில்லை.

தம்பி, உன் காலேஜ் பீஸுக்காகத்தான் மில்லை விற்றேன் என்று எல்லோரிடமும் சொன்னேன், உன்னிடமும் சொன்னேன். அது பொய். நம் மில்லில் இருந்த ஹல்லர் என்ற பழைய அரைக்கும் மிஷினில் உமியும் தவிடும் கலந்து விழும், அரிசி நொய்யாகும். புதிதாக வந்த மில்களில் ரப்பர் உருளை உமியை மட்டும் உரித்தது, தவிடு தனியாக எண்ணெய்க்கு விலைபோனது. ஜனங்களும் நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட்டுவிட்டுக் கடையில் அரிசி வாங்க ஆரம்பித்தார்கள். மிஷினை மாற்றலாம் என்று அம்மா எத்தனையோ தரம் சொன்னாள், தாத்தா வைத்ததைத் தொடமாட்டேன் என்றேன். கரண்டு பில்லுக்கு வட்டிக்கு வாங்கினேன், அந்த வட்டியைக் கட்ட வேறிடத்தில் வாங்கினேன். நீ பன்னிரண்டாவது முடிக்கும் முன்பே மில் கைவிட்டுப் போய்விட்டது. உன் பீஸை அம்மாவின் வளையல்தான் கட்டியது.

கடைசி ஒரு வருஷம் அரைக்க மூட்டையே வரவில்லை. ஆனாலும் தினமும் சட்டை போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிற மாதிரிப் போய், அந்த பெல்ட்டைப் பார்த்தபடி சாயங்காலம்வரை உட்கார்ந்திருந்தேன். வீட்டில் சொல்ல வாய் வரவில்லை. அம்மாவுக்கு எல்லாம் தெரிந்திருந்தது என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

போன் போடு. எத்தனை மணியானாலும் எடுப்பேன். மருமகளைக் கோபித்துக்கொள்ளாதே. நேரத்துக்குச் சாப்பிடு.

அப்பா