எந்த மாடியில், கண்ணு?

அன்புள்ள கவிதாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இதைப் போனில் சொல்ல ஆரம்பித்தால் நடுவில் உனக்கு மீட்டிங் வந்துவிடும், இல்லாவிட்டால் எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும். அதனால்தான் கடிதம்.

முழங்கால் பரவாயில்லை. படி ஏறத்தான் இன்னும் பயம். படுத்தே கிடந்ததில் நீ பார்க்கச் சொன்ன 'டவுண்டன் அபி', அதுதான் மேலே பிரபு குடும்பமும் கீழே வேலைக்காரர்களுமாக ஒரே மாளிகையில் இருக்கும் இங்கிலாந்துத் தொடர், 52 எபிசோடையும் முடித்துவிட்டேன். உன் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து தூங்குவார். பட்லர் கார்சன் வந்தால் மட்டும் கண்ணைத் திறந்து, "உங்க ஹெச்.எம். வந்துட்டார் பார்" என்பார். நான் வேலை பார்த்த பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியர் நடை அப்படியே அவருக்கு!

போன வாரம் நீயும் மாப்பிள்ளையும் அந்தத் தொடரை எடுத்த ஹைகிளியர் கோட்டைக்குப் போய் எடுத்து அனுப்பிய படங்களும் பார்த்தேன். புல்வெளி, பெரிய பெரிய தேவதாரு மரங்கள், தொப்பி வைத்துக்கொண்டு நீ. கீழே, "அந்தக் காலத்தில் பிறந்திருக்கலாம் அம்மா!" என்று எழுதியிருந்தாய். நான் கட்டைவிரல் மட்டும் போட்டேன். என் பதில் இதுதான்.

எந்த மாடியில் பிறந்திருக்கலாம், கண்ணு?

அந்தக் கோட்டையில் டவுண்டன் சமையலறையைப் பார்த்தாயா? பார்த்திருக்க முடியாது. மேல்தளத்துக் காட்சிகளைத்தான் அங்கே எடுத்தார்கள். அங்கிருந்த பழைய வேலைக்காரர் பகுதி எல்லாம் புதுசாக மாறிவிட்டதால், சமையல்காரி திருமதி பாட்மோர் கத்திக்கொண்டே இருக்கும் அந்தச் சமையலறையை லண்டனில் ஈலிங் ஸ்டுடியோவில் செட் போட்டு எடுத்தார்கள். கீழே தட்டைத் தூக்கிக்கொண்டு படியேறுகிற பையன் சாப்பாட்டு அறைக்குள் நுழையும்போது வேறு ஊரில் இருக்கிறான். இதைப் படித்ததிலிருந்து ஒவ்வொரு விருந்துக் காட்சியிலும் எனக்கு அந்தத் தட்டு மேலேயே கண்.

முதல் எபிசோடின் தொடக்கம் ஞாபகம் இருக்கிறதா? 1912 ஏப்ரல், டைட்டானிக் மூழ்கிய செய்தி வரும் காலை. அதற்கு முன்பே சமையலறை வேலைக்காரப் பெண் டெய்சி எழுந்துவிடுவாள். வீடு முழுக்கத் தூங்கும்போது அறை அறையாகப் போய்க் கணப்பு மூட்டுவாள். அப்புறம் ஒருவன் செய்தித்தாளை இஸ்திரி போடுவான், பிரபுவின் விரலில் மை ஒட்டக்கூடாதாம். நான் அங்கேயே நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். காரணம் பின்னால் சொல்கிறேன்.

அந்த வயதான சீமாட்டி "வீக் எண்டா? அப்படியென்றால்?" என்று கேட்கும் இடத்தில் நீ சிரித்திருப்பாய், நானும் சிரித்தேன். ஆனால் கீழ்தளத்தில் இருந்தவர்களுக்கும் அந்தச் சொல்லால் ஒரு பிரயோஜனமும் இருந்திருக்காது. வாரத்தில் அரை நாள் ஓய்வு கிடைத்தாலே பெரிது. 1911 கணக்கெடுப்பின்படி இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சேர்த்து ஏறக்குறைய 13 லட்சம் பேர் வீட்டு வேலையில் இருந்தார்கள். பெரும்பாலும் பெண்கள். டவுண்டன் மாதிரிப் பெரிய வீட்டில், சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடக் கூட்டமாக ஆட்கள் இருந்த வீட்டில், வேலை பார்த்தவர்கள் கொஞ்சம் பேர்தான். பல பெண்கள் நடுத்தரக் குடும்பத்து ஒடுக்கமான வீட்டில் ஒண்டியாகவோ இன்னொருத்தியோடோ வேலை பார்த்தார்கள். அடுப்பு, பாத்திரம், படி கழுவுவது, பிள்ளை எல்லாம் அவர்கள் தலையில். அவர்களை வைத்து யார் சீரியல் எடுப்பார்கள்? மாளிகை இல்லை, பட்டுப் பாவாடை இல்லை.

டவுண்டனை எழுதிய ஜூலியன் ஃபெலோஸ், தொடர் வந்த அடுத்த ஆண்டே, 2011ல், தானும் பிரபுப் பட்டம் பெற்றவர். அதனாலோ என்னவோ அவர் கதையில் வீட்டு எஜமானரான கிராந்தம் பிரபு ரொம்ப நல்லவர். சமையல்காரிக்குக் கண் தெரியாமல் போனால் லண்டனுக்கு அனுப்பி வைத்தியம் பார்க்கிறார். இருக்கட்டும், நல்லவர்களும் இருந்திருப்பார்கள். ஆனால் அதற்கு நாற்பது வருஷம் முன்பு, 1971ல், 'அப்ஸ்டேர்ஸ், டவுன்ஸ்டேர்ஸ்' என்று ஒரு தொடர் வந்தது. அதற்கு வித்திட்டவர்கள் ஜீன் மார்ஷ், ஐலீன் அட்கின்ஸ் என்று இரண்டு நடிகைகள். இரண்டு பேர் குடும்பத்திலும் பெரிய வீடுகளில் வேலை செய்தவர்கள் உண்டு. இணையத்தில் தேடி அதன் முதல் எபிசோடைப் பிடித்தேன். வேலை கேட்டு ஒரு பெண் வருகிறாள். பெயர் கிளமென்ஸ் என்கிறாள். எஜமானி ஏற இறங்கப் பார்த்துவிட்டு, அது வேலைக்காரிக்கு ஏற்ற பெயர் இல்லை, இனிமேல் நீ சாரா என்கிறாள். அவ்வளவுதான், அவள் சாரா ஆகிவிட்டாள்.

இது கதைக்காகச் சேர்த்தது இல்லை. பல வீடுகளில் அப்படித்தான் நடந்தது. வந்த பெண்ணுக்கு என்ன பெயர் இருந்தாலும் மேரி, எம்மா என்று அந்த வீட்டில் புழங்கிய பெயர்தான். பழைய மேரி போனால் புது மேரி. கல்யாணமே ஆகாத ஹவுஸ்கீப்பருக்கோ 'மிஸஸ்' பட்டம். டவுண்டன் ஹவுஸ்கீப்பர் மிஸஸ் ஹியூஸ் கடைசியில் நிஜமாகவே கார்சனைக் கட்டிக்கொண்ட பிறகும் வேலையில் மிஸஸ் ஹியூஸாகவே இருந்துவிடுகிறாள், பார்த்தாய் அல்லவா?

சரி, இனிச் சொல்லிவிடுகிறேன்.

உன் அம்மாயி குன்னூரில் எஸ்டேட்டில் இருந்தாள் என்று உனக்குத் தெரியும். நீ சின்ன வயதில், "தாத்தா எஸ்டேட்டில் ஆபீசரா?" என்று கேட்டாய். நான் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. உன் கல்யாணப் பேச்சின்போது சம்பந்தி வீட்டிலும் "எஸ்டேட்டில் வேலை" என்றதோடு நிறுத்திக்கொண்டேன். அம்மாயி இருந்தது துரை பங்களாவில், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாவாக. பதினான்கு வயதில் போனாள். குன்னூர்க் குளிரில் எல்லோருக்கும் முன்னால் எழுந்து, முதலில் பிள்ளைகள் அறையில் கணப்பு மூட்டுவாளாம். டெய்சியைப் பார்த்து நான் ஏன் நிறுத்தினேன் என்று இப்போது புரியும்.

அவள் என்னிடம் பங்களாவைப் பற்றி அழுது ஒரு நாளும் பேசியதில்லை. அங்கே இருந்த பட்லரைப் பற்றிச் சொன்னால்தான் சிரிப்பாள். துரையிடம் அவர் பேசிய இங்கிலீஷை நடித்தே காட்டுவாள். நாம் கேலியாகப் 'பட்லர் இங்கிலீஷ்' என்கிறோமே, அது சென்னை ராஜதானி பங்களாக்களில் இவர்களைப் போன்றவர்கள் பேசியதை வைத்து வந்த பெயர்தான். பள்ளிக்கூடம் போகாமல் காதால் மட்டும் கேட்டு ஒரு பாஷையைப் பேசிக் காலம் தள்ளியவர்கள். இங்கிலீஷ் டீச்சரான நானே அந்தச் சொல்லை வகுப்பில் எத்தனை பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறேன்!

1957ல் துரை குடும்பம் ஊருக்குக் கிளம்பியபோது துரைசாணி, கூடவே கப்பலில் வந்துவிடு என்று கூப்பிட்டாளாம். அப்போது நான் வயிற்றில். அம்மாயி போகவில்லை. போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சொல்லமுடியாது. அதற்கு முந்தைய தலைமுறைகளில் அப்படிப் போன ஆயாக்கள் சிலரை, கப்பல் இறங்கியதும் ஊர் திரும்பக் காசு கொடுக்காமல் லண்டனிலேயே விட்டுவிட்டார்கள். அவர்கள் தங்குவதற்கென்றே ஹாக்னியில் ஒரு விடுதி இருந்தது. 26, கிங் எட்வர்ட்ஸ் சாலை. 2022ல் அந்த வீட்டில் நினைவுக்காக நீலப் பலகை வைத்திருக்கிறார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்துவிட்டு வா. அங்கே டிக்கெட் எல்லாம் கிடையாது, தெருவில் நின்று பார்க்க வேண்டியதுதான்.

ஊருக்குப் போகும்போது துரைசாணி அம்மாயிக்கு ஒரு நற்சான்றுக் கடிதம் கொடுத்துவிட்டுப் போனாள். அந்தக் காலத்தில் இங்கிலாந்தில் இதை 'கேரக்டர்' என்றே சொன்னார்கள். இது இல்லாமல் அடுத்த வீட்டில் வேலை கிடைப்பது கஷ்டம். எஜமானர் கொடுத்தே ஆகவேண்டும் என்று அப்போது சட்டம் எதுவும் இருக்கவில்லை. ஆனால் போலியாக எழுதிக் காட்டினால் தண்டனை இருந்தது, அதற்கு 1792லேயே சட்டம் போட்டுவிட்டார்கள். கடிதம் இல்லாமல் அனுப்பிவிடுவார்கள் என்றதும் டவுண்டன் வேலைக்காரன் அந்தத் தாமஸ், அத்தனை கெட்டவன், எப்படி ஒடுங்கிப்போனான் பார்த்தாயா? எனக்கு அவன்மேல் முதல்முறையாக இரக்கம் வந்தது அங்கேதான்.

க்வென்னையும் சொல்ல வேண்டும். தபாலில் டைப்ரைட்டிங் படித்து வீட்டு வேலையை விட்டுப் போவாளே, அவள். கடைசி சீசனில் அதே வீட்டுக்கு விருந்தாளியாக வந்து மேஜையில் உட்காருகிறாள். அங்கேயே படுக்கை விரித்து, சாம்பல் அள்ளியவள். மேலே இருப்பவர்களுக்கு அவளை அடையாளம் தெரியவில்லை. தாமஸ்தான் போட்டுக்கொடுக்கிறான். உன் அப்பாவை எழுப்பி அந்தக் காட்சியை இரண்டாம் முறை போட்டேன்.

அம்மாயியின் கடிதம் என் பீரோவில், பட்டுப் புடவைக்கு அடியில் இருக்கிறது. நான்கு வரிதான். மேரி எங்களிடம் 11 வருஷம் இருந்தாள், நாணயமானவள், சுத்தமானவள், அதிகாலையில் எழுந்துவிடுவாள் என்று இருக்கிறது. அம்மாயி பெயர் மாராத்தாள் என்று உனக்குத் தெரியும்.

நீ வரும்போது அதைத் தருகிறேன். மடிப்பில் கிழிய ஆரம்பித்திருக்கிறது, ஜாக்கிரதை. ஃபிரேம் போடுவதானால் இரண்டு பக்கமும் கண்ணாடி வைத்துப் போடச் சொல். பின்பக்கத்தில் பென்சிலால் கோணல்மாணலாக அவள் தன் பெயரைத் தமிழில் எழுதியிருக்கிறாள். நான் இரண்டாம் வகுப்பு படிக்கும்போது சொல்லிக்கொடுத்தது. 'ரா'வுக்குக் கால் விட்டுப்போயிருக்கும்.

அன்புடன்,
அம்மா