அம்மா வரும் அத்தியாயத்தை எடுத்துவிடாதே

கோண்டாவில்,
யாழ்ப்பாணம்.

அன்பு மகளுக்கு,

பதின்ம வயதுப் பிள்ளைகளுக்காக நீ எழுதி அனுப்பிய நாவலைச் சந்தியிலுள்ள கடையில் அச்செடுத்து, முப்பது ஆண்டுகள் பிள்ளைகளின் கட்டுரைக் கொப்பிகளைத் திருத்திய பழக்கத்தில் கையில் பென்சிலுடன் அமர்ந்து, மூன்று இரவுகளில் வாசித்து முடித்தேன். கடைசிப் பக்கத்தின் கீழே நீ ஒரு கேள்வி எழுதியிருந்தாய்: ஏழாம் அத்தியாயத்தில் வரும் தாய் என் மனத்தை நோகச் செய்தால் அந்த அத்தியாயத்தையே எடுத்துவிடட்டுமா என்று. வேண்டாம், பிள்ளை. மனம் நொந்தது உண்மைதான்; இரண்டாம் நாள் இரவு விளக்கை அணைத்துவிட்டு விறாந்தையில் நெடுநேரம் இருந்தேன். ஆனால் அந்த அத்தியாயம் இல்லாமற் போனால், அவ்வளவு அன்புள்ள ஒரு வீட்டில் அந்தப் பையன் ஏன் யாரிடமும் வாய் திறக்கவில்லை என்பது வாசிக்கும் பிள்ளைக்கு விளங்காது.

உன்னை நீ ஒரு பையனாக மாற்றியிருக்கிறாய். மற்றவை எல்லாம் எங்கள் வீட்டில் நடந்தவைதாம். 2012ஆம் ஆண்டு புரட்டாதியில் பலாலி வீதியில் நடந்த மோட்டார் சைக்கிள் விபத்தில் உன் அண்ணா போனான். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து, வந்தவர்களுக்குச் சாப்பாடு கொடுத்து, இரவல் வாங்கிய கிடாரங்களைக் கழுவிக் கொடுத்தனுப்பிவிட்டு, மறுநாட் காலையில் உன் வெள்ளைச் சட்டையை அழுத்தி உன்னை ரியூட்டரி வகுப்புக்கு அனுப்பினேன். சாதாரண தரப் பரீட்சைக்கு எட்டுக் கிழமைகள் இருந்தன. துடக்குக் கழிந்தது, இனிப் படிப்புத்தான் என்று உன்னிடம் சொன்னேன். அந்த வசனத்தை நீ ஒரு சொல் மாறாமல் எழுதியிருப்பதைப் பார்த்தேன்.

அந்தத் தாயை நீ கல்லாக எழுதவில்லை. ஆயினும் அவள் ஏன் அழவில்லை என்பதை உன்னால் எழுத முடியவில்லை, ஏனென்றால் அதை நான் உனக்கு ஒருநாளும் சொன்னதில்லை. செத்தவீட்டுக்கு வந்தவர்களுள் எங்கள் ஒழுங்கையில் இருந்த ஒரு தாயும் இருந்தார். அவருடைய மகன் 2009இல் வன்னியில் காணாமற் போனவன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, உனக்குப் பிள்ளையின் உடலாவது கிடைத்ததே என்று சொன்னார். அதில் பொறாமையோ குத்தலோ இருக்கவில்லை. அவர் தன் கண்ணால் கண்ட உண்மையை எனக்கு ஆறுதலாகச் சொன்னார். ஆனால் அன்று முதல் என் துக்கத்தை நான் அளந்து பார்க்கத் தொடங்கினேன். இத்தனை வீடுகளில் எலும்பும் கிடைக்காமல் இருக்கும்போது, குளிப்பாட்டி, வாய்க்கரிசி போட்டு அனுப்பிவைத்த நான் ஓலமிட்டு அழுவது மற்றவர்களுடைய பங்கை எடுப்பதுபோல் எனக்குத் தோன்றியது. நான் அடக்கினேன், நான் அடக்கியதைப் பார்த்து நீயும் அடக்கினாய். போரின் உளப்பாதிப்பைத் தனியொருவரின் நோயாக மட்டும் பாராமல் குடும்பமும் ஊரும் சேர்ந்து சுமக்கும் வடுவாகப் பார்க்க வேண்டும் என்று பேராசிரியர் தயா சோமசுந்தரம் பல ஆண்டுகளாக எழுதிவந்திருக்கிறார். குண்டு விழாத ஆண்டில், போரோடு தொடர்பில்லாத ஒரு விபத்தில் பிள்ளையை இழந்த எங்கள் வீட்டுக்குள்ளும் அந்த வடு வந்து இருந்தது என்பது எனக்குப் பிந்தித்தான் விளங்கியது. உன் ஏழாம் அத்தியாயத்தில் அந்தப் பெண்ணையும் அவர் சொன்ன வார்த்தையையும் சேர்த்துக்கொள். அவரைத் தீயவராக எழுதிவிடாதே.

பையனின் துக்கத்தை நீ நன்றாக எழுதியிருக்கிறாய். அவன் அழாமல் எரிந்து விழுவதும், வகுப்பில் எழுத்துகள் தலைக்குள் ஏறாமல் நிற்பதும், வயிற்றுக்குத்து என்று படுத்துக்கொள்வதும் அந்த வயதுக்குரியவைதாம். உனக்கு வயிற்றுக்குத்து வந்தபோது நான் ஓமத்தண்ணீர் தந்தேன். பிறகு நாவூறு கழித்தேன். பிறகு ஸ்கான் எடுத்துப் பார்த்து, ஒன்றுமில்லை என்று சொன்னதும் பரீட்சைப் பயம் என்று முடிவு செய்தேன். ஓய்வு பெற்ற பின் உளவளத்துணைப் பயிற்சிக்குப் போனபோதுதான், பிள்ளைகளின் துயரம் பலவேளைகளில் உடம்பின் வழியே பேசும் என்று ஒருவர் சொல்லக் கேட்டுக் கொப்பியை மூடிவைத்தேன். இழப்புக்குப் பின் ஆறு மாதங்களைக் கடந்தும் அன்றாட வாழ்வை நடத்த விடாமல் வருத்தும் துயரத்தை உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடு 2022 முதல் தனியொரு நிலையாகக் கொள்கிறது. முப்பத்தொரு நாளில் துடக்குக் கழியலாம். பதினாறு வயதுப் பிள்ளைக்கு அந்தக் கணக்கை நான் வைத்திருக்கக் கூடாது.

இனி, அந்தப் போத்தல். பையன் நித்திரை வராத இரவுகளில் அரிசி வாளிக்குப் பின்னால் இருக்கும் தகப்பனின் சாராயப் போத்தலை எடுத்து, தாய் லேபிளின் ஓரத்தில் பென்சிலால் கீறி வைத்த கோட்டைப் பார்த்து, குடித்த அளவுக்குத் தண்ணீர் ஊற்றி அந்தக் கோடு வரைக்கும் நிரப்பி வைக்கிறான் என்று எழுதியிருக்கிறாய். அப்பா குடிக்கும் அளவை அறிவதற்காக நான் கீறிய அந்தக் கோட்டை நான் யாரிடமும் சொன்னதில்லை. நான்தான் தண்ணீர் கலந்தேன் என்று அப்பா என்னைக் குற்றம் சாட்டினார். நான் தொடவில்லை என்று சத்தியம் செய்தேன். அதை வைத்தே ஒரு கிழமை சண்டை நடந்தது. வீட்டில் மூன்றாவதாக ஒருத்தி இருக்கிறாள் என்பது எங்கள் இருவருக்கும் நினைவில் வரவில்லை. நான் உன்னைக் கோபிக்கவில்லை, மகள். எத்தனை இரவுகள் என்றும் கேட்கமாட்டேன். நீயாகச் சொல்ல விரும்பினால் எந்த நேரமும் கேட்பேன். மகிழ்ச்சிக்காகத் தொடுவதாகவும் கெட்ட சேர்க்கையால் தொடுவதாகவுமே நாங்கள் பள்ளிக்கூடத்தில் போதைப்பொருள் பற்றிப் பேசி வந்தோம். நித்திரைக்காகத் தொடும் பிள்ளையைப் பற்றி ஒரு கூட்டத்திலும் நான் பேசியதில்லை. உன் நாவலில் அது இருக்கிறது. அந்தப் பக்கங்களில் பென்சில் வைக்கவில்லை.

ஆனால் பதின்மூன்றாம் அத்தியாயத்தில் பென்சில் வைத்தேன். தகப்பன் நல்லூர்க் கொடியேற்ற நாளில் கந்தன் முன்னிலையில் நேர்ந்துகொண்டு அன்றே குடியை விட்டுவிடுகிறார். இருபத்தைந்து நாள் திருவிழா முடியும்போது புது மனிதராக நிற்கிறார். வாசிக்க அழகாகத்தான் இருக்கிறது. நீ அப்போது கொழும்பில் படித்துக்கொண்டிருந்தாய். நடந்ததை உனக்கு மறைத்தோம். 2015இல் அப்பா கொடியேற்றத்தன்று உண்மையாகவே விட்டார். இரண்டாம் நாள் தேத்தண்ணீர்க் கோப்பையைப் பிடிக்க முடியாமல் கை நடுங்கியது. மூன்றாம் நாள் இரவு, சுவரில் பூச்சிகள் ஊர்கின்றன என்றார். படலையில் அண்ணா நிற்கிறான், கதவைத் திற என்று என்னை உலுக்கினார். ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். நாள்தோறும் குடித்துப் பழகிய உடம்பு மதுவைத் திடீரென இழந்தால் முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம், இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையில் இவ்வாறான மனக்குழப்பமும் வரலாம், கவனியாது விட்டால் உயிரும் போகலாம், அதனால் வைத்தியர்களின் கண்காணிப்பில் மருந்தோடுதான் நிறுத்த வேண்டும் என்று அங்கே விளக்கினார்கள். தயமின் என்ற விற்றமின் ஊசி போட்டார்கள், மருந்தைப் படிப்படியாகக் குறைத்தார்கள். அதன் பிறகும் இரண்டு முறை மீண்டும் குடித்தார். இரண்டு முறையும் மீண்டும் கிளினிக்குக்குப் போனார். நேர்த்தியை நீ எடுக்க வேண்டாம். அந்த நேர்த்திதான் அவரைத் தொடங்கச் செய்தது. ஆனால் குடிக்கிற தகப்பன் உள்ள ஒரு பிள்ளை இதை வாசித்துவிட்டு, அப்பா, நீங்களும் நாளைக்கே விட்டுவிடுங்கள் என்று காலைப் பிடித்துக் கேட்கும். அந்தப் பிள்ளைக்காக மூன்றாம் நாள் இரவையும் எழுது.

பையன் உயிரை விட எண்ணும் இரவைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதை எவ்வாறு செய்ய எண்ணினான் என்பதை நீ நுணுக்கமாக விவரித்திருக்கிறாய். அந்த விவரம் எல்லாவற்றையும் நீக்கிவிடு. 1774இல் ஜெர்மன் மொழியில் வந்த ஒரு நாவலின் நாயகனான வெர்தரைப் பின்பற்றி இளைஞர்கள் உயிரை விடுகிறார்கள் என்று சில நகரங்களில் அந்நூலைத் தடை செய்தார்கள்; இருநூறு ஆண்டுகளுக்குப் பின் 1974இல் டேவிட் பிலிப்ஸ் என்ற சமூகவியலாளர், தற்கொலைச் செய்திகளைத் தொடர்ந்து தற்கொலைகள் கூடுவதை ஆராய்ந்து, அந்நாயகனின் பெயரையே அதற்குச் சூட்டினார். மாறாக, அந்த எண்ணத்தைத் தாண்டி வந்தவரின் கதை வாசிப்பவரைக் காக்கக்கூடும் என்று 2010இல் ஆஸ்திரிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். நீ அந்த இரவை இரண்டு வரியில் முடித்து, மறுநாட் காலை அவன் யாரிடம் போய் என்ன சொல்லித் தொடங்கினான் என்பதற்கு ஆறு பக்கம் கொடு. இப்போது அது அரைப் பக்கத்தில் இருக்கிறது, அதிலும் ஆசிரியைதான் முழுவதும் பேசுகிறார். அவன் பேசட்டும், திக்கித் திக்கி, பிழையாகப் பேசட்டும். நூலின் முடிவில் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற உதவி இலக்கத்தையும் சேர்த்துவிடு.

நீ ஆங்கிலத்தில் எழுதியிருந்தால், பதின்ம வயதினருக்கான நாவல்கள் அடுக்கிய தட்டில் இன்னொரு புத்தகமாக இது இருந்திருக்கும். 1967இல் பதினெட்டு வயது அமெரிக்கப் பெண்ணொருத்தி வெளியிட்ட நாவலுக்குப் பின் அங்கே அந்தத் தட்டு நிரம்பியிருக்கிறது. நான் பொறுப்பாக இருந்த பள்ளிக்கூட நூலகத்தில் பன்னிரண்டு வயது வரைக்கும் நீதிக்கதைகள் இருந்தன, அதற்கு அடுத்த அலுமாரியில் நேரே பெரியவர்களின் நாவல்கள் இருந்தன. பதினைந்து வயதுப் பிள்ளை வந்து நின்றால் எதை எடுத்துக் கொடுப்பதென்று தெரியாமல் பரீட்சைக் கைந்நூலைக் கொடுத்திருக்கிறேன். அண்ணாவின் நினைவாக அச்சிட்ட கல்வெட்டுப் புத்தகத்தை நேற்று எடுத்துப் பார்த்தேன். தேவாரம், வம்சாவளி, அவன் பெற்ற பரிசுகள், எல்லாம் இருக்கின்றன. துயருறுவோர் வரிசையில் உன் பெயர் ஒரு முறை வருகிறது. நீ என்ன ஆனாய் என்பதை எழுத அதில் இடமில்லை. அதை எழுதுவது வழக்கமும் இல்லை. நீ எழுதியிருக்கிறாய்.

பென்சில் கோட்டைப் பற்றி அப்பாவிடம் சொன்னேன். வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, ஏழாம் அத்தியாயத்தைத் தனக்கு வாசித்துக் காட்டச் சொன்னார். நேற்றிரவு தொடங்கினேன்; ரியூட்டரிக்கு அனுப்பும் இடம் வந்ததும், போதும், நாளைக்கு வாசி என்றார். மீதியை இன்று வாசிப்பேன். முடித்த பின் தானே உன்னுடன் பேசப்போவதாகச் சொல்கிறார். ஞாயிற்றுக்கிழமை எங்களுக்கு மாலை, உனக்குக் காலை. தொலைபேசியை அருகில் வைத்திரு.

அன்புடன்,
அம்மா