பயாஸ் எழுதுகிறவர்களுக்கு ஆய்வகத்திலிருந்து ஒரு மடல்

மதர்போர்டு நிறுவனங்களின் பயாஸ் குழுவினருக்கு,

வணக்கம். ஒரு கல்லூரியின் கணினி ஆய்வகங்களைப் பராமரிக்கிறவன் நான். மாணவர்கள் போன பிறகு அப்டேட் ஏற்றுவதற்காக, அணைந்திருக்கும் கணினிகளை என் மேசையிலிருந்தே எழுப்ப வேண்டியிருக்கிறது. அதற்கான வேக்-ஆன்-லேன் வசதி 1990களிலேயே வந்துவிட்டது. ஆனாலும் புதிய கணினிகள் வந்திறங்கும் ஒவ்வொரு முறையும் சில எழ மறுக்கின்றன. காரணம் தேடினால் பெரும்பாலும், கணினி இயங்கத் தொடங்கும்போதே ஓடும் அடிப்படை மென்பொருளான உங்கள் பயாஸின் திரையில்தான் வந்து நிற்கிறேன்.

அனுப்பும் செய்தியில் சிக்கல் ஏதுமில்லை. எஃப்எஃப் என்ற பைட் 6 முறை, பிறகு கணினியின் நெட்வொர்க் கார்டுக்கே உரிய 6 பைட் அடையாள எண்ணான மேக் முகவரி 16 முறை, மொத்தம் 102 பைட். இந்த மேஜிக் பாக்கெட்டைக் கண்டதும் நெட்வொர்க் கார்டு மதர்போர்டை உசுப்பிவிடும். ஆனால், கணினி அணைந்த பிறகும் கார்டுக்குக் கொஞ்சம் மின்சாரம் வர வேண்டும். கணினிக்கு மின்சாரம் வழங்கும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டி தரும் 5 வோல்ட் ஸ்டாண்ட்பை மின்சாரம் அதற்குத்தான். பயாஸில் 'ஈ.ஆர்.பி.' அமைப்பை இயக்கினால் பல போர்டுகளில் அதுவும் கார்டுக்குப் போகாது.

ஐரோப்பிய ஒன்றியத்தின் மின்சிக்கன விதிகளை ஒட்டி வந்த அமைப்பு அது. விதியோடு எனக்குச் சண்டையில்லை. அதே பயாஸில், வேறொரு பக்கத்தில், கார்டு வழியே எழுப்ப அனுமதிக்கும் 'பவர் ஆன் பை பிசிஐ-இ' என்பது இயங்குவதாகவே காட்டிக்கொண்டிருக்கிறதே, அதுதான் கோபத்தைக் கிளப்புகிறது. ஒன்றை இயக்கினால் மற்றது செத்துவிடும் என்பதைக் கையேட்டின் அடிக்குறிப்பில் போட்டால் யார் படிப்பார்கள்? கையேட்டோடு வரும் பெட்டியே எங்கள் ஸ்டோர் ரூமுக்குப் போய்விடுகிறது.

பழி முழுவதும் உங்களுடையதல்ல. அடுத்த முறை விரைவாகத் தொடங்குவதற்காகக் கணினியை முழுதாக அணைக்காமல் வைக்கும், விண்டோஸ் 8 முதல் வந்த ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் தன் பங்குக்குக் கெடுக்கிறது. அதை நிறுத்திவிட்டு, டிவைஸ் மேனேஜரில் கார்டின் அமைப்பையும் சரிபார்க்க வேண்டும். மேஜிக் பாக்கெட் எல்லாக் கணினிக்கும் பொதுவான பிராட்காஸ்ட்டாகப் போகிறது; ரூட்டர்கள் அதை அடுத்த சப்நெட்டுக்கு, அதாவது நெட்வொர்க்கின் அடுத்த பகுதிக்கு, கடத்துவதில்லை. பாதுகாப்புக்காக அது சரியே. மாலையில் மெயின் சுவிட்சையே அணைத்துவிட்டுப் போகும் உதவியாளரை எந்த பயாஸாலும் திருத்த முடியாது. இவற்றையெல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். பக்கத்துக் கணினியில், நெட்வொர்க்கில் வருவதைக் காட்டும் வயர்ஷார்க் மென்பொருளை ஓடவிட்டால் பாக்கெட் அங்குவரை வந்ததா என்று தெரிந்துவிடும். வந்தும் எழவில்லை, லேன் போர்ட் விளக்கும் இருண்டு கிடக்கிறது என்றால், ஒவ்வொரு கணினியாகப் போய் டெலீட் விசையைத் தட்டி பயாஸைத் திறக்க வேண்டியதுதான். தொலைவிலிருந்து எழுப்பும் வசதிக்காக ஆய்வகம் முழுக்க நடக்கிறேன்!

மின்வெட்டு இன்னொரு தலைவலி. மின்சாரம் போய்த் திரும்பினால், ஒருமுறை கையால் இயக்கி அணைக்கும்வரை சில கணினிகள் பாக்கெட்டுக்கு அசைவதில்லை. மின்சாரம் வந்ததும் தானே இயங்கும்படி வைக்கலாம். அப்படி வைத்தால் நள்ளிரவில் ஆய்வகம் முழுவதும் விழித்துக்கொள்கிறது.

நான் கேட்பது புதிய வசதி அல்ல. ஈ.ஆர்.பி.யை இயக்கும்போது, 'இனி இந்தக் கணினியை நெட்வொர்க் வழியே எழுப்ப முடியாது' என்று திரையிலேயே ஒரு வரி காட்டுங்கள். எழுப்புவது தொடர்பான எல்லா அமைப்புகளையும் ஒரே பக்கத்தில் வையுங்கள். மின்வெட்டுக்குப் பிறகு கார்டு என்ன நிலையில் இருக்கும் என்பதையும் அங்கேயே சொல்லிவிடுங்கள். அடுத்த கொள்முதலுக்கான நிபந்தனைகளில் இந்த மூன்றையும் சேர்க்கும்படி எங்கள் அலுவலகத்துக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு கணினி ஆய்வகப் பராமரிப்பாளர்