பில் போடும் பக்கத்திலேயே எங்களிடம் சொல்லலாம்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். நம் பில்லிங் தளத்தின் எல்லாப் பக்கங்களிலும் வலது கீழ் மூலையில் ‘கருத்து சொல்ல’ என்று ஒரு சிறு பட்டன் சேர்த்திருக்கிறோம். அதை ஏன் வைத்தோம், அழுத்தினால் எங்களுக்கு என்னென்ன வந்து சேரும் என்று சொல்லத்தான் இந்த மடல்.

இதுவரை சிக்கல் வந்தால் வாட்ஸ்அப்பில் “பிரிண்ட் வரவில்லை” என்று எழுதுவீர்கள். எந்தப் பக்கம், எந்த பிரௌசர், கம்ப்யூட்டரா மொபைலா என்று நாங்கள் திருப்பிக் கேட்போம். அதற்குள் கடையில் கூட்டம் சேர்ந்துவிடும். கல்லாவில் இருப்பவருக்குப் பதில் எழுத ஏது நேரம்? இனி பட்டனை அழுத்தினால் பக்கத்தின் முகவரி, பிரௌசரின் பதிப்பு, திரையின் அளவு, அப்போது வந்த பிழைச் செய்தி எல்லாம் தானாகவே சேர்ந்துகொள்ளும். நீங்கள் ஒரு வரி எழுதினால் போதும். தமிழிலேயே எழுதுங்கள்.

ஸ்க்ரீன்ஷாட் நீங்கள் டிக் செய்தால் மட்டுமே வரும். அதிலும் பெயர், செல்பேசி எண், ஜிஎஸ்டி எண் மூன்றும் உங்கள் கருவியிலேயே மறைக்கப்பட்ட பிறகுதான் வரும். அவை உங்களை நம்பி உங்கள் வாடிக்கையாளர்கள் கொடுத்தவை. பிழையைச் சரிசெய்ய எங்களுக்குத் தேவையில்லை. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், ஒப்புதல் பெற்றாலும் சொன்ன காரியத்துக்குத் தேவையான தரவோடு நிறுத்திக்கொள்ளச் சொல்கிறது.

அப்புறம், கேள்விகள். ‘எங்களை நண்பருக்குப் பரிந்துரைப்பீர்களா, 0 முதல் 10-க்குள் மதிப்பெண் கொடுங்கள்’ என்ற கேள்வியைப் பல தளங்களில் பார்த்திருப்பீர்கள். ஃப்ரெட் ரைக்ஹெல்ட் என்ற அமெரிக்க ஆலோசகர் 2003-ல் அறிமுகப்படுத்திய முறை அது. நாங்கள் அதைக் கேட்கப்போவதில்லை. 6 என்று போட்டால் உங்களுக்கு மனக்குறை என்று தெரியும். எதில் என்று தெரியாது. புதிய வசதியை முதல்முறை பயன்படுத்தி முடித்ததும், “வேலை சுலபமாக முடிந்ததா? எங்கே தடுத்தது?” என்று மட்டும் கேட்போம். மூடிவிட்டால் மறுபடி வராது. பில் போட்டுக்கொண்டிருக்கும்போது குறுக்கே வரவே வராது. மாதம் 11-ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1 என்ற விற்பனைக் கணக்கைத் தாக்கல் செய்யும் அவசரம் எங்களுக்கும் தெரியும். அதை ஒட்டிய நாட்களில் எந்தக் கேள்வியும் கேட்க மாட்டோம்.

நீங்கள் எழுதுவதை நிரல் எழுதுபவர்களே படிப்பார்கள். பதிலும் அதே பட்டனுக்குள் வரும். பில்லே போட முடியாமல் வேலை நின்றுபோனால் மட்டும் எழுதிக்கொண்டிருக்க வேண்டாம், வழக்கம்போல் போன் செய்யுங்கள்.

கடை முதலாளிகளுக்கு ஒரு வேண்டுகோள்: இந்தப் பட்டனைப் பில் போடுகிறவர்களுக்கும் காட்டிக் கொடுங்கள். நாள் முழுக்க இந்தத் திரையோடு மல்லுக்கட்டுகிறவர்கள் அவர்கள்தான்.

அன்புடன்,
பில்லிங் தளக் குழு